செண்பகம் தடவிவிட்ட க்ரீம்

1

இது ஒட்டுக்கேட்ட கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. விழுப்புரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். நாற்பத்து மூன்று வயதிலும் எனக்குத் தாடையில் பரு வருகிறது. சிரிக்காதீர்கள். ஏசி ரிப்பேர் என்பதால் டாக்டர் அறையின் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள், ஒரு திரைதான் மறைப்பு. எனக்கு முன்னால் உள்ளே போன இளைஞன் டாக்டரிடம் ஒரு பொய் சொன்னான். வெளியே வந்து போனில் மனைவியிடம் இன்னொரு பொய் சொன்னான். அந்த அறையில் கேட்டதும் அந்த போனும்தான் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம், பெயர்கள் உட்பட, என் கைச்சரக்கு.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘வல்லரசுவின் கன்னத்தில் பருக்கள் நட்சத்திரங்களைப் போல...’

சே! பரு வந்தவனிடம் போய் இப்படிச் சொன்னால் அடிக்க வருவான்.

இரண்டாவது முயற்சி: ‘வல்லரசு திண்டிவனத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர்.’ இது இருக்கட்டும். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், எதுவானாலும் படத்தில் இருப்பவர் முகத்தை வழவழப்பாக்குவது அவன் வேலை. மவுஸில் ஒரு தட்டு, ஒரு பரு காலி. பெருமுக்கல்லிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை தன் பேனரைப் பார்த்துவிட்டு, “யாருங்க இது?” என்று கேட்டாராம். அவ்வளவு சுத்தமான வேலை. லேசர் என்றதும் இவன் அதையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டான்.

3

“இன்னிக்கே லேசர் வெச்சி உட்ருங்க மேடம். சாயங்காலம் கடைக்குப் போவணும்.”

டாக்டர் காந்திமதி சிரிக்கவில்லை. விளக்கை அவன் முகத்தருகே இழுத்தார்.

“என்ன போட்டுக்கினு இருக்கீங்க மூஞ்சிக்கு?”

அவன் பையிலிருந்து டியூபை எடுத்துக் காட்டினான்.

“இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு தம்பி. போட்ட புதுசுல பளபளன்னுதான் இருக்கும். அப்புறம் இதுவே பருவ கெளப்பி உடும். எத்தினி மாசமா?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து. எட்டு மாசம்.”

“மொதல்ல இத நிறுத்துங்க. நிறுத்தினா கொஞ்ச நாளைக்கு இன்னும் ஜாஸ்தியாத்தான் வரும், பயப்படாதீங்க. ஒரு ஜெல்லும் மாத்திரையும் எழுதறேன். பரு அடங்கட்டும். அப்புறமும் குழி, தழும்பு இருந்தா லேசர் பாக்கலாம். அதுவும் ஒரே நாள்ல முடியாது, மாசம் உட்டு மாசம் வரணும். சரி, இத யாரு குடுத்தது?”

அவன் டியூபைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

“யாரோ... ஏதோ ஒரு கடையில கேட்டு வாங்கினதுங்க.”

இது முதல் பொய்.

4

கொடுத்தது செண்பகம், அவன் பெண்டாட்டி. திண்டிவனத்தில் ஒரு மெடிக்கலில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறாள். கடைக்கு வரும் பெண்கள் எல்லாரும் அந்த க்ரீமைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். நல்ல சரக்கு என்று நம்பித்தான் புருஷனுக்கும் கொண்டுவந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவனை எதிரே உட்காரவைத்து, “கண்ண மூடுங்க” என்று அதட்டிவிட்டு, மோதிர விரலால் தொட்டுத் தொட்டுத் தடவுவாள். தடவிக்கொண்டே கடையில் நடந்த கதையெல்லாம் சொல்வாள். எட்டு மாதத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அவனுக்கு க்ரீமைவிட அந்த விரல்தான் வேண்டியிருந்தது.

(இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. என் ஜெல்லை நானேதான் பூசிக்கொள்கிறேன்.)

டாக்டர் அறையிலிருந்து அவன் வெளியே வந்ததும் போன் அடித்தது. அவள் குரல் எனக்கே கேட்டது.

“இன்னாங்க, டாக்டர் இன்னா சொன்னாங்க?”

“ஒண்ணும் இல்ல செண்பகம். ஒடம்பு சூடாம். மோர் குடிக்கச் சொன்னாங்க.”

“நான் சொன்னா கேட்டியா நீ? அந்த க்ரீம உட்றாத, இன்னா? அதான் உன்ன கொஞ்சமாவது காப்பாத்துது.”

“ம்.”

இரண்டாவது பொய். அந்த ‘ம்’ என்னை வீடு வரைக்கும் விடவில்லை.

5

செண்பகத்தை வில்லியாக்கிப் பார்த்தேன். ‘விஷயம் தெரிந்தும் கமிஷனுக்கு ஆசைப்பட்டு அவள்...’ நாலு வரிகூட ஓடவில்லை. அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு அப்படி எழுத மனசு வராது.

ஆகவே வல்லரசுவைத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் யோசிக்கிறான். டியூபைத் தொலைத்துவிட்டால்? நாளைக்கே வேறொன்று கொண்டுவருவாள். சொல்லிவிட்டால்? ‘என் கையாலயே உன் மூஞ்சிய கெடுத்துட்டேனா’ என்று ஒடிந்துபோவாள். அப்புறம் எந்த உரிமையில் எதிரே உட்கார்ந்து அவன் முகத்தைத் தொடுவாள்? பாவம், அவனுக்கு வேறு பயமே இல்லை. (கடையில் வாங்கிப்போன பெண்களைப் பற்றி அவன் இன்னும் நினைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் பயந்தவன் எதை முதலில் நினைப்பான் என்று நான் சட்டம் போட முடியாது.)

6

பஸ்ஸை விட்டு இறங்கியவன் நேராக மெடிக்கலுக்குப் போகிறான். ஒரு காலேஜ் பெண் நிற்கிறாள்.

“அக்கா, பருவுக்கு அந்த க்ரீம் குடுங்கக்கா.”

செண்பகம் டிராயரை இழுக்கிறாள். “தைரியமா போடும்மா. எங்க வூட்டுக்காரருக்கே இதான்... தோ, அவரே வர்றாரு பாரு!”

அந்தப் பெண் திரும்பி வல்லரசுவின் முகத்தைப் பார்க்கிறாள். நீட்டிய கையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள். செண்பகத்தின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. இப்போதுதான் அவனுக்கு எல்லாப் பெண்களும் ஞாபகம் வருகிறார்கள். வாயைத் திறக்கிறான்.

முடிவு ஒன்று: “மோர் பாக்கெட் ஒண்ணு வாங்கினு வரட்டா?” என்கிறான். (எழுதிய வரியை அடித்துவிட்டேன். ஆத்திரமாக வந்தது.)

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறான். அவள் அழுகிறாள், அந்த டிராயரையே காலி செய்கிறாள், டாக்டர் எழுதிய ஜெல்லை மோதிர விரலில் எடுத்து, “கண்ண மூடு” என்கிறாள். எனக்குப் பிடித்தது இதுதான். எனக்கு இவ்வளவு பிடித்திருப்பதால்தான் இதை நம்பப் பயமாக இருக்கிறது.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு ஒரு வார்த்தை, “தம்பி, வீட்டுல சொல்லிடுப்பா” என்று நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் திண்டிவனம் பக்கம் போனால் எனக்காக ஒன்று செய்யுங்கள். மெடிக்கலில் ஒரு பெண் நின்றால், பருவுக்கு க்ரீம் கேளுங்கள். சட்டென்று எடுத்து நீட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள், அவன் இன்னும் சொல்லவில்லை. “சீட்டு இல்லாம அத குடுக்கறதில்லீங்க, டாக்டர பாத்துட்டு வாங்க” என்று அவள் சொன்னால் கொஞ்சம் நின்று, வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். அவள் சொல்வதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.