கன்னிப் படையல்

2021 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை காலை, நெருப்பெரிச்சல் பேருந்து நிறுத்தச் சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. வெள்ளியங்கிரி – மருதாள் தம்பதியின் மகள் ஜனனி, வயது 22, அகால மரணமடைந்தார் என்றது அது. ஆறு நாள் முன்புதான் ஜனனி பதிவுத் திருமணம் செய்திருந்தாள். மணமகன் மோகன்ராஜ், வெள்ளியங்கிரியின் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், வேறு சாதி.

மூன்றரை ஆண்டு கழித்து, மகன் கதிர்வேலின் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், மருதாள் கூடத்தில் சீர்ச் சாமான்களைப் பரப்பிக்கொண்டிருந்தாள். விரலி மஞ்சள், வெற்றிலை, பச்சரிசி, மூடி போட்ட மூங்கில் கூடையான பேழைமூடி. இணைச்சீருக்கு எடுத்த அரக்குச் சேலையை மட்டும் மடியிலேயே வைத்திருந்தாள். அந்தச் சீரில் மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் நிற்க வேண்டும். வெள்ளியங்கிரி தன் அண்ணன் மகள் அன்புசெல்வியிடம் சொல்லிவைத்திருந்தார்.

சீர் செய்துவைக்க வந்த அருமைக்காரர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

“கன்னிக்கு ஒண்ணையும் காணோமே?”

“எந்தக் கன்னிக்குங்க மாமா?” என்றார் வெள்ளியங்கிரி.

“கண்ணாலமாகாம செத்த புள்ளைக்குப் படையல் போட்டுட்டுத்தான் அடுத்த கண்ணாலம். உனக்கு நான் சொல்லோணுமா? போன செவ்வாக்கெழம அந்தப் புள்ள பெருமாநல்லூர் ரோட்டுல கம்பெனி வேனுக்கு நின்னுட்டிருந்துச்சு. செத்தவளுக்கு எதுக்குடா டிபன் பாக்ஸுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

வெள்ளியங்கிரி வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தார்.

“இருக்கறான்னா கூப்புடு, அவளே இணைச்சீருக்கு நிக்கட்டும். இல்லீன்னா படையலப் போடு. ரெண்டுமில்லாம நான் சீரு செய்ய மாட்டேன்.”

இத்தனை நாளில் இந்த வீட்டில் யாரும் ‘கூப்புடு’ என்று சொன்னதில்லை. மருதாள் கதிர்வேலைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

“கண்ணு, நீ ஒரு வார்த்த சொன்னா அப்பா கேப்பாரு. அவ நம்பர் உங்கிட்ட இருக்குதல்ல?”

“அவ டெங்குல போயிட்டான்னு சொல்லித்தானம்மா உடுமலப்பேட்டைல பொண்ணு கேட்டீங்க? இப்ப அவ வந்து நின்னா பொண்ணூட்டுக்காரங்க மொகத்துல எப்படி முழிக்கறது?”

“உங்கூடப் பொறந்தவடா.”

“படையலப் போட்டுருங்கம்மா. அவளுக்குத் தெரியவா போகுது?”

கூடத்துக்குத் திரும்பியபோது வெள்ளியங்கிரி படையலுக்குப் பலகையைக் கழுவச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“புதுச்சேலை, கண்ணாடி வளையலு, சீப்பு. அந்தப் புள்ளைக்கு என்ன புடிக்கும்?” என்றார் அருமைக்காரர்.



“தேங்கா பன்னுங்க,” என்றாள் மருதாள்.

டிரைவரை பேக்கரிக்கு அனுப்பினார்கள். படம் ஒன்று வேண்டியிருந்தது. ஜனனியின் படங்களை வெள்ளியங்கிரி சுவரொட்டி ஒட்டிய அன்றே எரித்திருந்தார். மருதாள் பீரோவின் அடித்தட்டுக் காகிதத்துக்குக் கீழிருந்து மகளின் கல்லூரி அடையாள அட்டையை எடுத்து வந்தாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடமே தந்தார். அட்டையைப் பலகையில் சாய்த்து, மகள் நெற்றியில் விழும்படி குங்குமம் வைத்தாள்.

“பெத்தவ, புள்ள பேரச் சொல்லிக் கூப்புடோணும். மூணு தடவ,” என்றார் அருமைக்காரர்.

மருதாள் அட்டையின் ஓரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பையன் கண்ணாலத்த நிறுத்தறயா?” என்றார் வெள்ளியங்கிரி.

அவள் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை குரல் வெளியே வரவில்லை; அருமைக்காரர் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு சூடம் ஏற்றினார்.

மறுநாள் விடிகாலை இணைச்சீருக்கு அன்புசெல்வி நின்றாள். ஆறே முக்காலுக்குக் கதிர்வேல் தாலி கட்டினான்.