தண்டவாளத்தின் நாக்கு

மூன்று சரளைக்கற்கள், தண்டவாளத்தின் நாக்கு வந்து ஒட்டவேண்டிய இடுக்கில் பனி ஈரத்தோடு கிடந்தன, தவபாலன் கையுறையைக் கழற்றி அவற்றில் ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தான், பிறகு எடுக்காமலே எழுந்து நின்றான். அந்த இரும்பு நாக்கு இந்தப் பக்கம் சாய்ந்தால் ட்ராம் நேரே நகருக்குள் போகும், அந்தப் பக்கம் சாய்ந்தால் ஆற்றைக் கடந்து புதிய குடியிருப்புகளுக்குப் போகும், இடையில் கல் கிடந்தால் எந்தப் பக்கமும் முழுதாய்ச் சாயாது, சமிக்ஞை மறிக்கும், வண்டி நிற்கும், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது, அதையும் அவன் யோசித்தே வைத்திருந்தான். பத்து மணிக்குப் புதுப் பாதையின் முதல் வண்டி, ஓட்டி வரப்போகிறவள் வதனி, அவன் மனைவி.

இருபத்திரண்டு வயதில் இந்த வடக்கு ஜேர்மன் நகரத்துக்கு வந்த முதல் மாரியில், பனி கொட்டிக்கொண்டிருக்கிறது, தரிப்பிடத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கிறான், வெளிச்சமாய் ஒரு ட்ராம் வருகிறது, முன்கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநர் ஒரு ராசாவைப் போலத் தனியாய், தெரு முழுக்க அவருக்காக விலகுகிறது, இதில் ஒருநாள் நான் இருப்பேன் என்று அன்றைக்கே நினைத்தான், அதற்காகவே பாஷை படித்தான், விண்ணப்பித்தான், கண் பரிசோதனையில் டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்து இந்தப் புள்ளிகளுக்குள் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார், அவனுக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன, எல்லாம் சேற்று நிறத்தில், எண் எதுவும் இல்லை, சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத கண் என்று சொல்லி அவர் புத்தகத்தை மெதுவாக மூடினார். கம்பனி அவனுக்குச் செம்மஞ்சள் மேலங்கியும் கம்பியும் துடைப்பமும் கொடுத்தது, இருபத்திநாலு வருஷம் தண்டவாளப் பள்ளங்களைக் கூட்டினான், நாக்குகளுக்கு எண்ணெய் போட்டான், குனிந்த தலைக்குப் பக்கத்தால் ட்ராம்கள் போய்க்கொண்டிருந்தன.

வதனி முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு தோலுரித்தவள், ஓட்டுநருக்குத் தட்டுப்பாடாம், நீர் போமன் என்று அறிவித்தலைக் கொண்டுவந்து மேசையில் போட்டவன் அவன்தான், சிரித்துக்கொண்டுதான் போட்டான், அவள் சிரிக்காமல் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள். கண் பரிசோதனைக்குப் போய் வந்து, அதிலை எழுபத்துநாலு எண்டு இருந்தது, சின்னப்பிள்ளைக்கும் தெரியும் என்றாள், சொன்ன வாய் மூடுமுன் அவளுக்கு நினைவு வந்துவிட்டது, சட்டென்று பேச்சை நிறுத்திக் கேத்திலைப் போட எழுந்துபோனாள், அவள் சொன்னதைக்கூட அவன் மறந்திருப்பான், அந்த நிறுத்தத்தைத்தான் மறக்க முடியவில்லை. பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அதே மேசையில் அவளுக்குச் சமிக்ஞைகள் சொல்லிக்கொடுத்தான், எந்த வளைவில் இலையுதிர்காலத்தில் சில்லு வழுக்கும், எந்த இறக்கத்தில் எங்கே பிரேக் பிடிக்கவேண்டும், அவனுக்குத் தெரியாதது என்ன இருந்தது. அவள் பாஸ் பண்ணினாள், பயிற்சியாளர் இவளுக்குத் தண்டவாளத்தின் சத்தம் கேட்கிறது என்று புகழ்ந்தாராம், யார் சொல்லித் தந்தது என்று அவள் அவரிடம் சொல்லவில்லை. கலியாண வீடுகளில் பெட்டையள் வதனியோடு நின்று படம் எடுத்தார்கள், யாரோ அவனிடம், அண்ணை இப்பவும் றோட்டிலையோ என்று கேட்டார். இந்தப் புதுப் பாதையை இரண்டு வருஷம் முழங்கால் தேயப் போட்டவர்களில் அவனும் ஒருவன், தரிப்பிடங்களிலெல்லாம் ஒட்டியிருந்த திறப்பு விழா அறிவித்தலில் சிரித்துக்கொண்டிருந்தவள் அவள்.

பத்து மணிக்கு வாத்தியக்காரர்கள், பூமாலை கட்டிய வண்டி, நகரத்துப் பெரியவர்கள், செம்மஞ்சள் அங்கிகளுக்குள் தவபாலனும் அவனோடு வேலை செய்யும் உவேயும், வண்டி ஆற்றுப்பக்கம் திரும்பும் வளைவுக்கு முன்னால் வந்து நின்றது, வாத்தியம் ஒரு கணம் தடுமாறி ஓய்ந்தது, உவே போகக் கால் எடுத்தவன் தவபாலனைப் பார்த்தான், அந்த இடம் தவபாலனின் பொறுப்பு, அவன் அசையவில்லை. வதனி நீலச் சீருடையோடு, நாக்கை நகர்த்த வண்டியில் இருக்கும் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினாள், கம்பியைக் கொடுத்து நெம்பினாள், நாக்கு பாதி வந்து நின்றது, இன்னும் பலமாய்த் தள்ளுவாள், தடுமாறுவாள், எல்லோரும் பார்ப்பார்கள் என்று அவன் காத்திருந்தான், அவள் தள்ளவில்லை, அப்படியே முழங்காலிட்டுப் பள்ளத்துக்குள் கையை விட்டாள், ஒன்று, இரண்டு, மூன்று, கற்களை எடுத்து ஓரமாய் வைத்தாள், மறுபடி நெம்ப நாக்கு போய் ஒட்டியது. சனம் கைதட்டியது, அறிவித்தலில் இருந்ததைவிட அவள் பெரிதாகிவிட்டாள், ஏறுமுன் திரும்பி அத்தனை செம்மஞ்சள் அங்கிகளுக்குள்ளும் ஒன்றை மட்டும் பார்த்தாள்.

பின்னேரம் வீட்டில் சப்பாத்தைக் கழற்றியபடி, காலமை அந்த இடம் உங்கடையோ என்று கேட்டாள், ஓம் என்றான், கல்லுக் கிடந்ததைப் பாத்தனீங்களோ என்றாள், இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம், அந்தச் சொல் வாய்வரை வந்தது, பாத்தனான், எடுக்கேல்லை என்றான். அவள் கத்துவாள் என்று நினைத்தான், ஏன் என்றாவது கேட்பாள், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இருந்தான், அவள் கேட்கவில்லை. நாக்கு முழுக்க வராட்டில் தள்ளாதையும், கையை விட்டுப் பாரும் எண்டு சொல்லித் தந்தது நீங்கள்தான் என்று மட்டும் சொன்னாள், சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை, சாமான் வாங்குவது, மகள் படிக்கும் ஊருக்குப் போவது, எல்லாம் பேசினார்கள். ஆனால் அவன் கூட்டித் துப்புரவாக்கிய இடங்களில் அவள் வண்டி ஊர்ந்து வந்து நிற்கிறது, அவள் இருக்கையில் இருந்து எட்டிக் குனிந்து நாக்கைப் பார்க்கிறாள், துடைப்பத்தோடு ஓரமாய் நிற்கும் அவனைப் பார்ப்பதில்லை, பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் நகர்கிறாள். மார்கழியில் ஒருநாள் உவேயும் அவனும் இடம் மாற்றிக்கொண்டார்கள், ஆற்றங்கரை வளைவை உவே கூட்டினான், தவபாலன் எதிர்ப்பக்கம் உப்புப் போட்டுக்கொண்டிருந்தான், வதனியின் வண்டி வந்தது, நிற்கவில்லை, அவள் கீழே பார்க்கவுமில்லை, நேரே பார்த்தபடி உவேக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அந்த நாக்கின்மேல் ஏறிப் போய்விட்டாள், உவே சாதாரணமாய்த் துடைப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டான், தவபாலன் உப்பு வாளியோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றான், எழுபத்துநாலு தெரிந்த எந்தக் கண்மீதும் வராத எரிச்சல் அவனுக்கு அந்தத் துடைப்பத்தின்மீது வந்தது.