கட்டட நிலை: நன்று

என் மகள் மாரிசெல்வி படித்த பள்ளிக்கூடத்தின் மேற்குச் சுவரைச் சிமெண்டு வைத்து அடைத்தவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஏழு, வைகாசி மாதம். பள்ளிக் கட்டடங்களை எல்லாம் கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஏற்ற அரசாங்கம் நிதி ஒதுக்கியிருந்தது. எப்போதும்வென்றான் கிராமத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊருக்கும் ஆள் வரப்போவதாகத் தகவல். தலைமை ஆசிரியர் வேதமணி சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஊரில் கொத்தனார் நான் ஒருவன்தான்.

சுவரில் தரையிலிருந்து உத்தரம் வரை வெடிப்பு. உள்ளங்கை நுழையும்.

"இசக்கி, நாளைக்குப் படம் எடுக்க வாராவ. இத அடைச்சு வெள்ளையடிச்சிரு."

"கோடையில அடைக்கக் கூடாது சார். மண்ணு காஞ்சு சுருங்கிக் கெடக்கு. மழையில ஊறுனா உப்பும். இடையில சிமெண்டு இருந்தா சுவத்தத் தள்ளிரும். கார்த்திகை கழியட்டும், பூசுதேன்."

கரிசலில் வீடு கட்டிய எவருக்கும் இது தெரியும். மழைக்காலம் முடிந்த பிறகுதான் நாங்கள் வெடிப்பில் கை வைப்போம்.

"நீ என்னடே இஞ்சினியரா? பழுதுன்னு பதிஞ்சா பிள்ளைகள வேற ஊருக்கு அனுப்பச் சொல்லிருவான். பள்ளிக்கூடத்த மூட வச்ச பேரு உனக்கு வேணுமா?"

அந்தச் சொல்லில் விழுந்தேன். என் மகளும் அங்கேதானே படிக்கிறாள் என்று நினைத்தேன். பொழுது சாய்வதற்குள் அடைத்துப் பூசி முடித்தேன்.

மறுநாள் ஜெஸ்டின் என்ற பையன் கையில் இடம் குறிக்கும் கருவி ஒன்றோடு வந்தான். வாசலில் நின்று அதை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"வேப்பமரத்தடியில சாட்டிலைட் சிக்க மாட்டேங்குது அண்ணாச்சி. மரத்தக் கொஞ்சம் தள்ளி வச்சிருக்கலாம்லா."

"தம்பி, நேத்து வரைக்கும் அந்தச் சுவத்துல வெடிப்பு இருந்துச்சு. எழுதிக்கோங்க."

"இன்னைக்கு இருக்கா?"

"பூசியிருக்கு."

"பிறகென்ன? நன்று, பழுது, ரெண்டே கட்டம்தான். இன்னைக்குப் பதினோரு ஸ்கூல் முடிக்கணும். இங்கன குடிக்க கலர் கிடைக்குமா?"

படம் எடுத்தான். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் வெயில் வந்ததும் பள்ளி திறந்தார்கள். முதல் பாடவேளையிலேயே மேற்குச் சுவர் உட்பக்கமாகச் சாய்ந்தது. மற்ற பிள்ளைகள் காயத்தோடு தப்பினார்கள். மாரிசெல்விக்கு எட்டு வயது. செங்கல் எல்லாம் சிதறிக் கிடந்தது. என் சிமெண்டு மட்டும் உடையாமல் பாளமாகக் கிடந்தது. கடப்பாரை போட்டு அதைப் புரட்டித்தான் அவளை எடுத்தேன். 

விசாரணைக்குக் கோவில்பட்டி கல்வி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். எழுத்தர் மந்திரமூர்த்தி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். சுவர் வெள்ளையாக நின்றது. கீழே 'கட்டட நிலை: நன்று'. வாக்குமூலம் தயாராக இருந்தது. எதிர்பாராத கனமழையால் நல்ல நிலையில் இருந்த சுவர் இடிந்ததாம்.

"ஒரு கையெழுத்துப் போடுங்க அண்ணாச்சி, ஃபைல் முடிஞ்சிரும்."

"அடிச்சுட்டு எழுதுங்க. வெடிப்ப அடைக்கச் சொன்னது சார். சொல்லியும் கேக்காம நன்றுன்னு போட்டது நீங்க அனுப்புன ஆளு. அடைச்சது நான். மூணையும் எழுதுங்க."

பக்கத்தில் இருந்த வேதமணி சார் என் கையைப் பிடித்தார். "வேண்டாம்டே. முதல்ல உன்னத்தான் பிடிப்பான்."

"பிடிக்கட்டும். பிள்ளையக் கொடுத்தவன் எங்க ஓடப் போறேன்?"

மந்திரமூர்த்தி பேனாவை எடுக்கவில்லை. "இப்படியெல்லாம் எழுத எனக்கு உத்தரவு இல்ல."

வெளியே போய்த் தாள் வாங்கி வந்தேன். அவர் மேசையிலேயே வைத்து, வெடிப்பின் அகலத்திலிருந்து ஜெஸ்டின் கலர் கேட்டது வரை நான்கு பக்கம் எழுதினேன். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

வழக்குப் போட்டார்கள். குற்றப்பத்திரிகையில் முதல் எதிரி நான். இரண்டாவது வேதமணி சார். மூன்றாவதாக வர வேண்டிய ஜெஸ்டின் பெயர் இல்லை. அந்தப் பெயரைச் சேர்க்கச் சொல்லி மூன்று மனுக் கொடுத்துவிட்டேன். நாலாவதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.