ஏறுது

சாய்ராம் கொள்ளிடத்தின் நடுவில் மணல் திட்டில் நின்றிருந்தான். அவன் மனைவி ஷைலஜா கரையோரம் நின்றாள்.

திட்டுக்கும் கரைக்கும் இடையே முழங்காலளவு தண்ணீர். ஓரிடத்தில் மட்டும் மணல் அள்ளிய குழி. தெளிந்த நீரில் அது கருப்பாகத் தெரிந்தது. அவன் அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தான்.

ஊட்டியில் வேலை பார்த்தபோது பழகியது இது. ஓடையில் நின்று, இறகு கட்டிய தூண்டில் முள்ளைப் பூச்சிபோல் நீர்மேல் வீசி ட்ரவுட் மீன் பிடிப்பான். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் வந்தபோதும் அந்தத் தூண்டில் கழியை எடுத்து வந்தான். கொள்ளிடத்தில் ட்ரவுட் இல்லை. வாளை இருக்கிறது. புதுத் தண்ணீர் வந்தால் அதை எதிர்த்து நீந்தி வரும். அதை எங்கள் ஊரில் மீன் ஏறுது என்போம் என்று காரில் சொன்னான். சென்னைக்காரி ஷைலஜாவுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. மேலே அணையில் திறந்த தண்ணீர் சாயங்காலம்தான் இங்கு வரும் என்பது அவன் கணக்கு.

அவன் போட்டிருந்தது பூட்ஸோடு சேர்ந்த ரப்பர் கால்சட்டை. மார்பு வரை வரும். உள்ளே தண்ணீர் புகுந்தால் ஆளை இழுத்துவிடும் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

ஆடு ஓட்டிக்கொண்டு கரைமேல் வந்த மலர்க்கொடி நின்று பார்த்தாள். சார் என்ன, மழைக்கோட்டைக் காலில் மாட்டியிருக்கிறார் என்று கேட்டாள். ஷைலஜா சிரித்தாள். மலர்க்கொடி சிரித்தபடியே மேற்கே திரும்பினாள். முகம் மாறியது. ஆடுகளை விட்டுவிட்டுக் கீழே ஓடிவந்தாள்.

"ஏறுது சார். ஏறுது."

அவன் காதில் கை வைத்துக் காட்டினான்.

"ஏறுதாம், சாய்," என்று ஷைலஜா கத்தினாள். உள்ளங்கையை மீன்போல் நெளித்துக் காட்டினாள்.

அவன் கட்டைவிரலை உயர்த்தினான். முதுகைத் திருப்பிக்கொண்டு திட்டின் மறுமுனைக்கு நடந்தான்.

மலர்க்கொடி ஷைலஜாவின் தோளைப் பிடித்தாள். "என்னக்கா காட்டுனீங்க?"

"மீன்."

"தண்ணியச் சொன்னேன்க்கா."

ஷைலஜா குனிந்து பார்த்தாள். உலர்ந்த மணலில் அவள் கழற்றி வைத்த செருப்பு மிதந்துகொண்டிருந்தது.

கூப்பிட்டாள். இருவரும் கூப்பிட்டார்கள். ஆற்றின் இரைச்சல் கூடிவிட்டது. அவன் கழியை வீசினான், இழுத்தான், மறுபடி வீசினான். திட்டு பாதியாகியிருந்தது. தண்ணீர் செம்மண் நிறமாகி, நுரையும் வைக்கோலும் வந்தன. குழி எங்கே என்று இப்போது தெரியவில்லை.

ஷைலஜா கரையேறி காருக்கு ஓடினாள். ஹாரனை அழுத்திப் பிடித்தாள்.

அவன் எரிச்சலோடு திரும்பினான். பிறகு தன் காலைப் பார்த்தான்.

அவள் மறுபடி கீழே வந்தபோது அவன் இடுப்பளவு நீரில் இருந்தான். கழியை ஊன்றி, தடவித் தடவி வந்தான். ஒருமுறை ஊன்றியபோது கழி முழுதும் உள்ளே போனது. அவன் நின்றான். தண்ணீர் மார்புக்கு வந்தது. ரப்பரின் விளிம்புக்கு இன்னும் நாலு விரல்.

"அதைக் கழட்டுங்க சார்," என்றாள் மலர்க்கொடி.

அவன் கழியை விட்டான். கால்சட்டையின் தோள்வார்க் கொக்கிகளைத் தேடினான். ஒன்றைக் கழற்றினான். கால் வழுக்கியது.

அவன் தொப்பி மட்டும் கிழக்கே மிதந்து போனது.

ஷைலஜா ஆற்றில் இறங்கினாள். மலர்க்கொடி அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். ஷைலஜா அவளை அடித்தாள். மலர்க்கொடி விடவில்லை.

வெகுதூரம் தள்ளி நாணல் அசைந்தது. ஒரு கை. இரண்டு பேரும் ஓடினார்கள்.

இழுத்துப் போட்டபோது கால்சட்டை இல்லை. தண்ணீரைக் கக்கினான். ஆற்றைப் பார்த்தான். திட்டு இருந்த இடமே தெரியவில்லை.

"நல்லவேளை, நீ ஹாரன் அடிச்சே," என்றான்.

மலர்க்கொடி ஷைலஜாவைப் பார்த்தாள்.

"மீன்னு காட்டுனதும் நான்தான், சாய்."

அவன் வாயைத் திறந்தான். பற்கள் அடித்துக்கொண்டன. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.