மொதல்ல நீ காட்டு

"கண்ணாடியை மூடு தாமரா. சும்மா நிக்காதே."

சாவு வீட்டில் கண்ணாடி திறந்திருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ராயா பீரோவிலிருந்து ஒரு விரிப்பை இழுத்துப் போட்டாள். தாமராவின் கணவன் ஆர்க்காதியின் அக்கா அவள். தம்பியின் மூச்சு நின்றதும் அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டு வேலையில் இறங்கியிருந்தாள். தாமராவால்தான் ஒன்றையும் முழுசாகச் செய்ய முடியவில்லை. விரிப்பின் ஒரு முனையைக் கண்ணாடியில் மாட்டினாள், மறுமுனையைத் தொங்கவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைத்தாள், உடனே அணைத்தாள். திரும்பி வந்து கணவனின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். உயிர் போக வழி வேண்டும் என்று ராயா சன்னலைத் திறந்து வைத்திருந்தாள். இஷெவ்ஸ்க் நகரத்தின் பிப்ரவரிக் குளிர் முழுக்க அறைக்குள் இருந்தது.

"லீதாவுக்குச் சொல்லிட்டியா?"

"மேட்ச் முடியட்டும்."

"என்னடி மேட்ச்? அப்பன் செத்துக் கிடக்கான், பொண்ணு கீரவ்ல உக்காந்து கணக்குப் போட்டுட்டிருக்கா. ஊர் கேட்டா சிரிக்கும்."

"உன் தம்பிதான் கேட்டாரு, ராயா. முடியற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டுக் கேட்டாரு."

"கூடப் போயிருக்கற வாத்தியாருக்காவது சொல்லி வை."

"அவர் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபுடிச்சிருவா. அப்பன் பொண்ணு."

ஆர்க்காதி டிராம் ஓட்டியவன். கணக்கு அவனுக்கு ஒரு வரி புரியாது. ஆனால் மகளின் பள்ளிக் கணக்கு மன்றம் எங்கே மோதினாலும் கடைசி பெஞ்சில் அவன் இருப்பான், பாக்கெட்டில் சூரியகாந்தி விதையோடு. "கணக்கு அவங்களுக்கு, சண்டை எனக்கு" என்பான். சண்டைதான் அது. ஒரு அணி மற்ற அணியைக் கூப்பிடும்: இந்தக் கணக்கைப் போடு பார்ப்போம். கூப்பிட்டவர்களிடமே சில சமயம் விடை இருக்காது, சும்மா மிரட்டல். சந்தேகப்பட்டால் எதிர் அணி, "மொதல்ல நீ காட்டு" என்று திருப்பிவிடலாம். காட்ட முடியாவிட்டால் மிரட்டியவனுக்கு நஷ்டம். காட்டிவிட்டால் சந்தேகப்பட்டவனுக்கு நஷ்டம். எந்தப் பயல் புளுகுகிறான் என்று ஆர்க்காதி பின்னால் இருந்தே சொல்லிவிடுவான். "டிக்கெட் எடுக்காம ஏறுறவனைக் கண்ணாடியில பார்த்துப் பார்த்துப் பழகின கண்ணு" என்று பெருமை வேறு.

அந்தப் பேச்சு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பாத்திரம் கழுவிட்டேன் என்பான். "மொதல்ல நீ காட்டு" என்பாள் லீதா. குடிக்கவே இல்லை என்பான். "காட்டு, ஊது."

போன வாரம், அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்ததால், அவள் கீரவுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

"நீ போகலைன்னா யாரு கேப்டன்? சாவெலியா? அவன் மூக்கைச் சொறிஞ்சாலே கையில ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சிரும். போ. நீ வர்ற வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன்" என்றான் ஆர்க்காதி.

அன்றைக்கு மட்டும் லீதா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

செல்போன் அடித்தது. ராயா நிமிர்ந்து பார்த்தாள். தாமரா தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தாள்.

"அம்மா, இடைவேளை விட்டிருக்காங்க. நாலு பாயின்ட் பின்னாடி இருக்கோம். கடைசிக் கணக்குக்கு எங்களைக் கூப்பிட்டிருக்காங்க. அப்பா எப்படி இருக்காரு?"

"தூங்கறாரு."

"சாப்பிட்டாரா?"

"ரெண்டு ஸ்பூன் சூப்."

"என்ன சூப்?"

"கோழி."

உடலைத் துடைக்கத் தண்ணீர்ப் பேசினோடு வந்த ராயா வாசற்படியில் அப்படியே நின்றாள்.

"எழுப்பும்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்ககிட்ட விடை இருக்கு, ஆனா நடுவுல ஒரு இடம் இடிக்குது. நாங்களே போடறதா, அவங்களைக் காட்டச் சொல்றதா? அவங்க கேப்டன் ரொம்ப நெட்டையன், எதுக்கெடுத்தாலும் சிரிக்கறான். அப்பாகிட்ட சொன்னா சொல்லிருவாரு."

"வேண்டாம் லீதா. இப்பதான் கண்ணசந்தாரு."

அந்தப் பக்கம் பிள்ளைகளின் இரைச்சல். அதற்குள்ளிருந்து லீதா நிதானமாகச் சொன்னாள்:

"காட்டும்மா."

"என்னது?"

"போனை அவர் மூஞ்சிகிட்ட வை. பேச வேண்டாம். மூச்சு கேட்டாப் போதும்."

தாமரா கட்டிலருகே போனாள். ராயா பேசினைச் சத்தம் வராமல் தரையில் வைத்தாள். தானே மூச்சு விட்டுக் காட்டிவிடலாமா என்று தாமராவுக்குத் தோன்றியது. போனை உதட்டருகே கொண்டுபோய் வாயைத் திறந்தாள். உள்ளிருந்து கிளம்பியது மூச்சு மாதிரி இல்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கீழே தெருவில் ஒரு டிராம் வளைவில் கிறீச்சிட்டுத் திரும்பியது.

"டிராம் இவ்வளவு கிட்டத்துல கேக்குது" என்றாள் லீதா. "சன்னல் திறந்திருக்கா?"

"திறந்திருக்கு."

பின்னால் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், மறுபடியும் கூப்பிட்டார்கள்.

"நீ பலகைகிட்டப் போகணும்னு இல்லை கண்ணு" என்றாள் தாமரா. "சாவெலி பார்த்துக்குவான்."

பதிலுக்குப் போனை எதன் மேலோ வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் காலடிகள்.

"என்ன சொன்னா?" என்றாள் ராயா.

"ஒண்ணும் சொல்லலை."

"கிளம்பிட்டாளா?"

"தெரியலை."

தாமரா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு சன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். போனில் பிள்ளைகளின் இரைச்சல் அடங்கியது. ஒரு வாளி தரையில் உரசியது.

"யாருது இது, சன்னல்மேல?" என்றது ஒரு பெண் குரல், வெகு அருகில். "ஹலோ? யாரு?"

"கட் பண்ணிராதீங்க. என் பொண்ணு போன்தான். நீங்க யாரு?"

"தரை துடைக்கறவ. எந்தப் பொண்ணும்மா? இங்க நூறு பொண்ணு."

"பச்சை ஸ்வெட்டர். உள்ள இருக்காளான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

"எனக்கு இந்தக் கணக்கு கிணக்கெல்லாம் தெரியாதும்மா."

"எனக்கும் தெரியாது."

அந்தப் பெண் முனகிக்கொண்டே நடந்தாள். கதவு கிறீச்சென்றது. குரல் தணிந்தது.

"இருக்குது. பலகைகிட்ட நிக்குது. எதிர்ல ஒரு நெட்டைப் பையன்."

"பேசறாளா?"

"பேசலை. சும்மா நிக்குது. எல்லாரும் அதையேதான் பார்க்கறாங்க."

தாமரா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறாள்.

"இப்ப?"

"சாக்பீஸை எடுத்திருக்கு. இரு... எழுதலை. அந்தப் பையன்கிட்ட நீட்டுது."

"வாங்கறானா?"

"எங்க வாங்கறான்? சாக்பீஸையே பார்த்துட்டு நிக்கறான்." அந்தப் பெண் கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "உம் பொண்ணு நீட்டின கையை இறக்கவே இல்லை."