கைநாட்டு போட்ட வயது

நாகலக்ஷ்மி டீச்சருக்கு நான் தர வேண்டியிருந்தது இருபத்தேழு ரூபாய் நாற்பது பைசா. கேன்வாஸ் ஷூ பதினாறு தொண்ணூறு, ரப்பர் வளையம் நாலு ஐம்பது, போட்டிக்குப் பெயர் கொடுக்க மூன்று ரூபாய், சோழவந்தானிலிருந்து மதுரைக்குப் போக வர என் மகளுக்கு பஸ் காசு மூன்று ரூபாய். கொடிக்காலில் வெற்றிலைக்குத் தண்ணீர் ஊற்றினால் எனக்கு ஒரு நாளைக்கு ஏழு ரூபாய். நாலு நாள் கூலி. அந்த நாலு நாளும் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

மகள் பெயர் செல்லக்கிளி. ஒன்பதாவது படித்தாள். அவள் ஆடுவது வளையப்பந்து. ரிங் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வலைக்கு மேலே வருகிற ரப்பர் வளையத்தை ஒரு கையால் பிடித்து, நிற்காமல் அதே கையால் திருப்பி எறிய வேண்டும். கீழே விழுந்தால் எதிராளிக்குப் புள்ளி. பள்ளிக்கூடத்தில் அவள் வயதுப் பிள்ளைகள் யாரும் அவளை ஜெயித்ததில்லை.

"ஜூனியர்ல இவ ஜெயிச்சா மாவட்டத்துக்குப் போவா. மாவட்டத்துல நல்லா ஆடினா, விளையாட்டுப் பிள்ளைகளை விடுதியில வச்சுப் படிக்க வைக்கிற பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்கு. சாப்பாடு, துணி, புஸ்தகம் எல்லாம் அவங்களே. யோசிச்சுப் பாரு ஆண்டிச்சாமி" என்று டீச்சர் சொன்னார்.

நானும் யோசித்தேன். என் பெண்டாட்டி ஒச்சம்மாள் ஏற்கெனவே யோசித்து முடித்திருந்தாள். முழுப்பரீட்சை முடிந்ததும் பிள்ளையைக் கொடிக்காலுக்கு வெற்றிலை கிள்ளக் கூட்டிப்போவதாக இருந்தாள். விடுதி என்றதும், "அப்பச் சரி, ஒரு வாய் குறையும்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஜூனியர் என்றால் வருகிற ஜூலை முதல் தேதிக்குப் பதினாலு வயது முடிந்திருக்கக் கூடாது. அதற்கு மேல் பதினேழு வரைக்கும் சீனியர். செல்லக்கிளி பிறந்தது ஆவணி மாதம். வருகிற ஆவணிக்குத்தான் பதின்மூன்று. கவலைப்பட ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் இருந்தோம்.

அன்று காலை ஏழு மணி பஸ். டீச்சர் தன் பையைத் துழாவுவதற்காக ஒரு பழுப்புக் கவரை என்னிடம் கொடுத்து, "கொஞ்சம் பிடி" என்றார். பள்ளிக்கூட ஆபீசில் முந்தின நாள் சாயங்காலம் கொடுத்தது. உள்ளே பதிவேட்டைப் பார்த்து எழுதிய வயதுத்தாள். நான் எழுத்துப் படித்தே மூன்று வருஷம்தான் ஆகிறது. முதியோர் பள்ளியில் முப்பத்தெட்டு வயதில் சேர்ந்தேன். அதனால் எந்தத் தாள் கையில் கிடைத்தாலும் எழுத்துக் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. பொட்டலம் மடித்த காகிதத்தைக்கூட விடுவதில்லை. செ, ல், ல. செல்லக்கிளி. தகப்பனார் பெயர் ஆண்டிச்சாமி. பிறந்த தேதி 1-6-1968.

விரல் விட்டு எண்ணினேன். பிறகு வேறு கையில் எண்ணினேன். எண்பத்திரண்டு ஜூன் முதல் தேதிக்குப் பதினாலு முடிந்துவிடுகிறது. ஒரு மாதம் கூடுதல்.

அவளுடைய ஒரு வருஷம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அவளுக்கு நாலு வயதுகூட நிறையவில்லை. நானும் ஒச்சம்மாளும் விடிவதற்குள் வேலைக்குப் போய்விடுவோம். பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் மஞ்சள் ரவை உப்புமா போடுவார்கள். அப்போதெல்லாம் பிறந்த தேதிக்கு யாரிடம் காகிதம் இருந்தது? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது, தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. செல்லக்கிளியின் விரல் காதுக்கு மேலே ஒரு அங்குலத்தில் நின்றது. வாத்தியார் பேனாவுக்கு மை ஊற்றத் திரும்பினார். நான் அவள் தலையைச் சாய்த்து, முழங்கையை ஒரு அமுக்கு அமுக்கினேன். தொட்டுவிட்டாள். வாத்தியார் ஜூன் முதல் தேதி என்று தானாக ஒன்றைப் போட்டார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. காட்டிய இடத்தில் பெருவிரலை அமுக்கிவிட்டு வேலைக்குப் போனேன்.

பஸ்ஸில் டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். ஜன்னலோரத்தில் செல்லக்கிளி புது ஷூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கவரை மூடி டீச்சரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

கோரிப்பாளையத்தில் இறங்கி மைதானத்துக்கு நடந்தோம். வேப்பமரத்தடியில் மேசை போட்டு ஹாலாஸ்யம் சார் உட்கார்ந்திருந்தார். வயது பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து அனுப்புவது அவர் வேலை. எனக்கு முன்னால் நாற்பது பேருக்குப் பார்த்து அசந்துபோயிருந்தார். தாளைப் பிரித்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இது சீனியராச்சே? எதுக்கு ஜூனியர்ல பேர் கொடுத்திருக்கேள்?"

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. "பதிமூணுன்னு சொன்னாளே. நான் அவகிட்ட கேட்டுத்தான் பாரத்துல எழுதினேன்."

"சார், அந்தத் தேதி தப்பு. நான்தான் சார் தப்பு பண்ணேன்" என்று முழங்கையை அமுக்கிய கதையைச் சொன்னேன். பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். ஹாலாஸ்யம் சார் சிரிக்கவில்லை.

"போன வருஷம் ஒருத்தி மூக்குத்தியைக் கழட்டிப் பையில போட்டுண்டு வந்து பதிமூணுன்னா. அடுத்த முகூர்த்தத்துல அவளுக்குக் கல்யாணம். நான் யாரைன்னு நம்பறது?"

"எழுதித் தாரேன் சார். என் கைப்பட எழுதித் தாரேன்."

"எழுதத் தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார்."

ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார். மேசையோரத்தில் குனிந்து நின்று எழுதினேன். 'என் மகள் செல்லக்கிளி பிறந்தது 1969 ஆவணி. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டி நான் பொய் சொல்லி விட்டேன். அவள் மேல் குற்றம் இல்லை.' மூன்று வரிக்குக் கால் மணி நேரம் ஆனது. கீழே கையெழுத்துப் போட்டேன். செல்லக்கிளி பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'குற்றம்' என்பதில் றகரத்தைத் தப்பாகப் போட்டபோது, "அப்பா, பெரிய ற" என்று மெல்லச் சொன்னாள்.

ஹாலாஸ்யம் சார் முழுவதும் படித்தார். மடித்து என்னிடமே நீட்டினார்.

"நீ சொல்றது நிஜம்னுதான் தோண்றது. ஆனா பள்ளிக்கூடத்துப் பதிவேட்டுல உன் கைநாட்டு இருக்கு. அதுதான் செல்லும். இப்ப நீ போட்ட கையெழுத்து செல்லாது. இதை நான் ஏத்துண்டா நாளைக்கு நாப்பது அப்பா நாப்பது தாளோட வந்து நிப்பா. தேதியை மாத்தணும்னா கோர்ட்டுக்குப் போகணும்."

"எம்புட்டு நாளாகும் சார்?"

"இவளுக்குக் கல்யாணமாகி, பொறக்கற குழந்தையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கறதுக்குள்ள வந்துடும்."

தாளை வாங்கி மடியில் செருகிக்கொண்டேன். சாரே டீச்சரிடம் சொன்னார். "கட்டின மூணு ரூபா வீணாப் போவானேன்? சீனியர்ல ஆடட்டும். பேரை மாத்திப் போடறேன்."

சீனியரில் அவளுக்கு எதிராக விழுந்தவள் கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பெண், தங்கப்பொண்ணு. பதினாறு முடிந்தவள். கடப்பாரை பிடித்த கைமாதிரி இருந்தது கை. செல்லக்கிளி வலைக்கு முன்னால் போய் நின்றதும் கயிற்றுக்கு வெளியே நின்ற இரண்டு பையன்கள் ஆரம்பித்தார்கள்.

"மாப்ள, அந்தப் பொடுசு என்னடா உள்ள நிக்கிது? வளையம் பொறுக்கிப் போடவா?"

"டேய், அதுதான்டா ஆடுது. சீனியராம்."

"சீனியரா? அப்ப நான் ரிட்டயர்டு."

முதல் ஆட்டம் இருபத்தொன்றுக்கு எட்டு. தங்கப்பொண்ணு வளையத்தை ஓங்கி எறியவே இல்லை. செல்லக்கிளி தலைக்கு மேலே, கை எட்டாத இடமாகப் பார்த்துப் போட்டாள். இவள் குதித்துக் குதித்துப் பார்த்தாள். வளையம் அவள் விரல்நுனியை உரசிக்கொண்டு போய்ப் பின்னால் விழுந்தது. ஒரு அங்குலம், இரண்டு அங்குலம். எனக்குத் தோள்பட்டை வலித்தது. இரண்டாவது ஆட்டத்தில் செல்லக்கிளி வலையை ஒட்டி நின்றுகொண்டு குட்டையாக எறிய ஆரம்பித்தாள். தங்கப்பொண்ணுக்குக் குனிய நேரமாயிற்று. பதினாலு வரைக்கும் வந்தாள். சிரித்துக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன், "ஏய், விடாத விடாத" என்று கத்தினான். இருபத்தொன்றுக்குப் பதினாலோடு முடிந்தது.

தங்கப்பொண்ணு வலைக்கு அடியில் புகுந்து வந்து, "உனக்கு உள்ளபடி எம்புட்டு வயசுடி?" என்று கேட்டாள்.

"பள்ளிக்கூடத்துலயா, வீட்லயா?" என்றாள் என் மகள்.

அந்தப் பக்கத்து வலையில் ஜூனியர் ஆட்டம் நடந்தது. ஜெயித்த பிள்ளையின் ஆட்டத்தை நாங்கள் மூவரும் நின்று பார்த்தோம். இவள் கையில் அந்தப் பிள்ளை பத்துப் புள்ளி எடுத்திருக்காது. எனக்கும் தெரிந்தது, செல்லக்கிளிக்கும் தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்லக்கிளி, சமயநல்லூர் தாண்டியதும் கேட்டாள்.

"நீ அன்னைக்கு என் கைய அமுக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்?"

"ஒரு வருஷம் கொடிக்கால் வரப்புல கிடந்திருப்ப. வெயில்ல."



"அந்த உப்புமா நல்லாருக்கும்ப்பா" என்றாள்.

சனிக்கிழமை கூலி வாங்கினேன். அந்த வாரம் பூராவும் ஒரு கொடிக்காலில் தண்ணீர் ஊற்றிவிட்டு இன்னொன்றில் அகத்திக் கழி வெட்டினேன். முதுகு நிமிரவில்லை. வழியில் எங்கும் நிற்காமல் டீச்சர் வீட்டுக்குப் போனேன். டீச்சர் வாசலுக்கு வந்தார். என் கையில் இருந்த பணத்தைப் பார்த்ததும் தலையாட்டினார்.

"வேண்டாம் ஆண்டிச்சாமி. பதிவேட்டைப் பார்க்காம எழுதினது என் தப்பு. ஜூனியர்ல ஆடவும் இல்லை, விடுதியும் இல்லைன்னு ஆயிடுத்து. இதை விட்டுடு, கணக்கை நான் அடிச்சுடறேன்."

"அடிச்சிட்டீங்கன்னா அம்புட்டோட முடிஞ்சு போயிரும் டீச்சர். பதினேழு வரைக்கும் சீனியர்தானே. காகிதத்துல அவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆட்டம் இருக்கு. கையும் அதுக்குள்ள கொஞ்சம் நீளும். அடுத்த வருஷம் உங்ககிட்ட வந்து நான் மறுபடி கேக்கணும்ல?"

"படிப்பு?"

"அவ ஆத்தாகிட்ட நான் பேசிட்டேன். பத்தாவது போறா. வெத்தலைய நான் கூட ரெண்டு கட்டு கிள்ளிக்கிறேன்."

டீச்சர் கையை நீட்டினார். இரண்டு பத்து ரூபாய் நோட்டு, ஒரு ஐந்து ரூபாய் நோட்டு, ஒரு இரண்டு ரூபாய் நோட்டு, நாலு பத்துப் பைசா. எண்ணிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றார்.