மூடியில் எழுதிய பெயர்

படுக்கையறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் அட்டையிலிருந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். எதிரில் ஐந்து கண்ணாடி டப்பாக்கள் இருந்தன. எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே மாதிரி மூடி. பக்கத்தில் காலி அட்டைகள் குவிந்து கிடந்தன. மறுநாள் வீடு மாற வேண்டும்.

அவர் ஒரு பெரிய கிடங்கில் மேற்பார்வையாளர். அங்கே எல்லாரும் அவருக்கு வைத்திருந்த பெயர் 'அங்குலம்'. பேனாவை மறந்துவிட்டு வேலைக்குப் போவார், அளவு நாடாவை மறக்கமாட்டார். கோபம் வந்தால் மனைவியும் அந்தப் பெயரைத்தான் சொல்லுவாள்.

மகள் கல்யாணமாகிப் போனபின் இரண்டு பேருக்கு எதற்கு இத்தனை பெரிய வீடு என்று, சின்ன வீடாகப் பார்த்திருந்தார்கள். அதற்காக அங்குலம் ஒரு வாரமாக வீட்டையே கழித்துக்கொண்டிருந்தார். உடைந்த குடை, காது போன கோப்பை, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள் எல்லாம் வெளியே போயின. மிச்சமிருந்தவை பெட்டிக்குள் போயின. இடம் வீணாகக் கூடாது என்று செருப்புக்குள் கரண்டியைச் செருகினார், குக்கருக்குள் கடிகாரத்தை வைத்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் எது எங்கே இருக்கிறது என்றுதான் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"என்னங்க, மருந்து பேரு, தேதி எல்லாம் அட்டையிலதானே இருக்கு? அதைப் போய்க் குப்பையில போடறீங்களே?" என்றாள் மனைவி.

"அட்டையில பாதி காத்துதான் இருக்கு. காத்தைக் கட்டி லாரியில ஏத்தறதுக்கா வாடகை குடுக்கிறோம்? பேரெல்லாம் மூடியில எழுதி ஒட்டிட்டேன் பாரு."

காய்ச்சல், சளி, வலி, வயிறு, சர்க்கரை என்று ஐந்து மூடிகளிலும் முத்து முத்தாக எழுதியிருந்தது. கிடங்கில் பெட்டிகளை மேலிருந்து பார்ப்பதுதான் வழக்கம். பெயர் மேலே இருந்தால்தான் கண்ணில் படும் என்பது அவர் கட்சி. மனைவிக்கு மனது ஒப்பவில்லை. அவருடைய சர்க்கரை மாத்திரையில் ஒரு அட்டையை மட்டும் எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். தினமும் காலையில் அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பவள் அவள்தான். வைப்பதை விழுங்குவதோடு அவர் வேலை முடிந்துவிடும்.

மனைவி அடுக்களைக்குப் போனபின் ஒரு டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார். கலகலவென்று சத்தம் கேட்டது. லாரி ஆட்டத்தில் மாத்திரை தூளாகிவிடும் என்று தோன்றியது. ஐந்து மூடிகளையும் திறந்து வரிசையாக வைத்துவிட்டு, டப்பாக்களுக்குள் மெல்லிய காகிதத்தைச் சுருட்டி வைத்தார். அந்த நேரம் பார்த்து லாரி மேஸ்திரி போன் பண்ணினார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வழி சொல்லிக்கொண்டே, கைக்கு வந்த மூடியை எடுத்து ஒவ்வொன்றாகத் திருகி மூடினார். எந்த மூடி எந்த டப்பாவுக்கும் பொருந்தும். அதற்காகத்தானே தேடிப்பிடித்து வாங்கியிருந்தார்.

மறுநாள் காலையில் மேஸ்திரி இரண்டு ஆட்களோடு வந்தார். அவர்களில் ஒருவரை எல்லாரும் 'பூனை' என்று கூப்பிட்டார்கள். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான மனிதர்.

"பீரோவைத் தூக்கிட்டு உங்க பின்னாடி வந்து நின்னாலும் உங்களுக்குத் தெரியாது சார். கண்ணாடிச் சாமான் எல்லாம் இவன்கிட்டதான் குடுப்பேன்" என்றார் மேஸ்திரி.

பூனை கட்டிலைத் தூக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டதை அங்குலம் கவனித்தார். அவர் கெட்டவர் இல்லை. யாராவது முகம் சுளித்தால் தாங்காத மனசு. இந்தக் கதையில் சிக்கலே அதுதான்.

"என்னப்பா, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?"

"நேத்து ஒரு இரும்பு மேசை தூக்கினேன் சார். லேசா பிடிச்சிருக்கு, போயிடும்."

"சும்மாவெல்லாம் போகாது. இரு." மருந்து டப்பாக்கள் இருந்த பெட்டியைத் திறந்து, 'வலி' என்று எழுதிய மூடியைத் திருகி, இரண்டு வெள்ளை மாத்திரைகளை எடுத்து நீட்டினார். "ரெண்டையும் போட்டுக்கோ. பறந்துடும்."

"இன்னும் சாப்பிடலை சார். முதல் லோடு இறக்கிட்டுத்தான் சாப்பிடுவோம்."

"அதெல்லாம் ஒண்ணும் பார்க்க வேணாம். நானே சொல்றேன்ல?"

வீட்டுக்காரரே இவ்வளவு அக்கறையாகக் கொடுக்கும்போது எப்படி வேண்டாம் என்பது? பூனை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அங்குலத்துக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

சாமான்கள் மளமளவென்று ஏறின. பாதி ஏற்றியபின்தான் ஏதோ சரியில்லாமல் போக ஆரம்பித்தது. லாரிக்குப் போன நாற்காலி ஒன்று திரும்பி வீட்டுக்குள் வந்தது. தூக்கிக்கொண்டு வந்தவர் பூனை.

"சார், இதை எங்க வைக்கட்டும்?"

"எங்க வைக்கிறதா? அது இங்கேருந்து போற நாற்காலிப்பா!"

"ஆமா சார்" என்று சிரித்துவிட்டு, பூனை அதைக் குளியலறையில் கொண்டுபோய் வைத்தார். அங்குலம் விழித்தார். இந்தப் பக்கம் சமையல் பெட்டி லாரியிலிருந்து இறங்கி வாசலில் நின்றது. அந்தப் பக்கம் காலியான அறையின் நடுவில் நின்று பூனை சுவர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சார், இது பழைய வீடா, புது வீடா?"

அவர் கேட்ட விதத்தில், ஒரு நொடி அங்குலத்துக்கே சந்தேகம் வந்து தானும் சுவரைப் பார்த்தார். கிண்டல் பண்ணுகிறானா, தூக்கம் கெட்டவனா, இல்லை தனக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதா என்று ஒன்றும் பிடிபடவில்லை. பூனையின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வார்த்தைகள் குழறின. அடுத்து அவர் தூக்கியது அலங்கார மேசையின் கண்ணாடி. மூன்றாவது அடியில் கை நடுங்கியது. கண்ணாடி தரையில் விழுந்து நொறுங்கியது.

"குடிச்சிருக்கியா?" அங்குலம் கத்தினார்.

"இல்ல சார்... தலை..." என்று ஆரம்பித்த பூனை, காரணமே இல்லாமல் சிரித்தார்.

மேஸ்திரி ஓடி வந்து அவர் வாயை முகர்ந்து பார்த்தார். "வாடை ஒண்ணும் வரலையே சார்?"

"வாடை வராமக் குடிக்கிறதுக்கு இவங்களுக்கு நாம சொல்லிக் குடுக்கணுமா? காலங்காத்தாலே ஊத்திட்டு வந்து நிக்கிறான்!"

அந்தச் சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மேஸ்திரிக்கு அவமானமாகப் போயிற்று. "போ வீட்டுக்கு! இனிமே என் லாரிப் பக்கம் வராதே" என்று பூனையைப் பிடித்துத் தள்ளினார். பூனை முதலில் சுவரை நோக்கி நடந்தார், பிறகு வாசலைக் கண்டுபிடித்துத் தெருவில் இறங்கினார். யாரும் பின்னால் போகவில்லை.

புது வீட்டைப் பெருக்கித் துடைக்கப் போயிருந்த மனைவி சற்று நேரத்தில் திரும்பி வந்தாள். அங்குலம் நடந்ததைக் கொதிப்போடு சொன்னார். அவள் கண்ணாடியைப் பற்றிக் கேட்கவில்லை.

"ரொம்ப வேர்த்துதா அவருக்கு?"

"குளிச்ச மாதிரி."

"கை நடுங்குச்சா? வாய் குழறுச்சா?"

"அதான் சொல்றேனே, குடி."

"போன வருஷம் உங்க ஆபீஸ் விழாவுல, சாப்பிடாம மாத்திரை போட்டுட்டுப் போய், மேனேஜரைப் பார்த்து 'வாங்க அத்தை'ன்னீங்களே, ஞாபகம் இருக்கா? இதே வேர்வை, இதே சிரிப்பு. உங்களை யாராவது குடிகாரன்னு சொன்னாங்களா? சோபாவுல படுக்க வெச்சு சர்க்கரைத் தண்ணி குடுத்தாங்க."

"அவனுக்கு ஏது சர்க்கரை வியாதி? வலிக்குதுன்னான், ரெண்டு மாத்திரை..." அங்குலம் பாதியில் நிறுத்தினார்.

"எதுலேருந்து குடுத்தீங்க?"

அவர் டப்பாவைக் காட்டினார். மனைவி ஒரு மாத்திரையைக் கையில் கொட்டிப் பார்த்தாள். கைப்பையிலிருந்த அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒன்று.

"இது உங்க சர்க்கரை மாத்திரைங்க."

"மூடியில வலின்னுதானே..." என்றவருக்கு நேற்றைய போன் நினைவுக்கு வந்தது. வரிசையாகக் கிடந்த மூடிகளும் நினைவுக்கு வந்தன.

"மூடியைச் சொல்லிட்டு நிக்காதீங்க! வெறும் வயித்துல போட்டிருக்கார், உயிரே போயிடும். சர்க்கரை எந்தப் பெட்டியில?"

கிடங்கில் எந்தச் சாமான் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மனிதருக்குத் தன் வீட்டுச் சர்க்கரை எங்கே என்று தெரியவில்லை. ஒரு பெட்டியைக் கிழித்தார், புடவைகள் வந்தன. இன்னொன்றைக் கிழித்தார், செருப்பும் கரண்டியும் வந்தன. மனைவி அவரை விட்டுவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள். எதிர்வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமலேயே சர்க்கரை டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்துக் காரை எடுத்தார். மேஸ்திரியும் ஏறிக்கொண்டு, பூனை வழக்கமாக பஸ் ஏறும் இடத்துக்கு வழி சொன்னார்.

பூனை பஸ் நிறுத்தத்தில் கிடந்தார். நிழலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர் விழுந்த இடத்தைச் சுற்றி மட்டும் எல்லாரும் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள்.

"கிட்டப் போகாதீங்க சார், முட்டக் குடிச்சிருக்கான்" என்றார் ஒருவர்.

அங்குலத்துக்கு அந்த வார்த்தை சுட்டது. காலையில் அவர் வாயில் இருந்த வார்த்தைதானே அது. "குடிக்கலைங்க, குடிக்கலைங்க" என்று கும்பிட்டுக்கொண்டே மண்டியிட்டார்.

மனைவி பூனையின் தலையை மடியில் எடுத்து வைத்துக் கன்னத்தைத் தட்டினாள். கண் பாதி திறந்தது. "முழுங்க முடியுதாப்பா? நினைவில்லாம வாயில ஊத்தக் கூடாது, அதான் கேட்கிறேன்." அவர் லேசாகத் தலையை அசைத்தார். சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே காரில் ஏற்றினார்கள்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை?" மனைவி அட்டையை நீட்டினாள். அதில் பெயர் இருந்தது, அளவு இருந்தது, தேதி இருந்தது.

"இது மறுபடி மறுபடி சர்க்கரையைக் கீழே இழுக்கும். நாளைக்கு வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்" என்றார் டாக்டர். பிறகு அங்குலத்தைப் பார்த்து, "பஸ் ஸ்டாப்லயே விட்டிருந்தீங்கன்னா பிழைச்சிருக்க மாட்டார்" என்றார்.

ஊசிகள் ஏறி, பூனைக்குத் தெளிவு வர வெகு நேரம் பிடித்தது. வந்ததும் அவர் அங்குலத்தைத்தான் தேடினார்.

"சார், கண்ணாடி என் கையிலேருந்தா விழுந்துச்சு? எனக்கு ஒண்ணுமே நினைவில்ல சார். நான் குடிக்கிறதே இல்ல. மேஸ்திரிகிட்ட கொஞ்சம் சொல்லுங்க சார், வேலையிலேருந்து எடுத்துடப் போறார்."

மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அங்குலம் பதில் சொல்வதற்குள் பூனையின் மனைவி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் பார்த்த யாரோ அவளுக்குச் சேதி சொல்லியிருந்தார்கள். என்ன சேதி சொல்லியிருப்பார்கள் என்று அவள் முகமே காட்டியது.

"குடிச்சிட்டு ரோட்டுல விழுந்து கிடந்தியாமே? எத்தனை நாளா இந்தப் பழக்கம்?"

"அவர் குடிக்கலைம்மா" என்று அங்குலம் குறுக்கே வந்து நின்றார். "நான்தான் மாத்திரை குடுத்தேன். வலிக்குன்னு நினைச்சு, என் சர்க்கரை மாத்திரையைக் குடுத்துட்டேன். அட்டையைப் பிரிச்சு எறிஞ்சவன் நான், மூடியை மாத்திப் போட்டவன் நான். அவர் தடுமாறினதும் குடின்னு தெருவெல்லாம் கத்தினவனும் நான்தான். பேர் தெரியாத மருந்தை இன்னொருத்தருக்குக் குடுக்கிறது உதவியே இல்லைன்னு இன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. என்னை மன்னிச்சிடும்மா."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கணவனின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை.

"மருந்து மாறினது கைத்தவறுன்னு விட்டுடறேன் சார். ஆனா சட்டை நல்லா இருக்கிறவர் விழுந்தா மயக்கம், இவர் விழுந்தா குடியா? ஒருத்தர் விழுந்தா முதல்ல தூக்கணும் சார், என்னன்னு அப்புறம் கேட்கலாம். நீங்க வராம இருந்திருந்தா இவர் அங்கேயே போயிருப்பார். என் புருஷன் குடிச்சே செத்தான்னு நான் சாகிற வரைக்கும் நம்பியிருப்பேன். என் பிள்ளைங்களும் நம்பியிருக்கும்."